பாடாங் மேஹாவில் நான்கு தொட்டிகள்

தண்ணீர்த் தொட்டி வைப்பதற்காக விமானம் ஏறிய ஆள் எங்கள் தங்கவயலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு முப்பத்திரண்டு வயது. சுரங்கத்துக்குள் ஒரு மைலுக்கும் கீழே இருந்த ஆய்வுக் கருவிகளுக்குக் கம்பி மாற்றுவதும் தூசி தட்டுவதும் என் வேலை. ஒரு நாள் ஆய்வகத்துப் பெரியவர் கூப்பிட்டு, "மலேசியாவில் கெடா மாநிலத்து எஸ்டேட் ஒன்றில் இடம் தருகிறார்கள். மூன்று வாரம். போய்ச் சோதித்துவிட்டு வா" என்றார். கெடா எங்கே இருக்கிறது என்று கேட்காமலே தலையாட்டினேன். கேட்டால் தெரிந்த ஆளை அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

விஷயம் இதுதான். வானத்தின் ஏதோ மூலையிலிருந்து, யாருக்கும் தெரியாத காரணத்தால், அணுவைவிடச் சிறிய துகள்கள் தலைதெறிக்கும் வேகத்தில் வந்து நம் காற்றில் மோதுகின்றன. மோதியதும் ஒன்று கோடியாகச் சிதறி மழைபோலத் தரையில் இறங்கும். காஸ்மிக் கதிர் என்பார்கள். சாதாரணக் கதிர் எந்நேரமும் நம் உச்சந்தலை வழியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. மகா சக்தி படைத்ததோ, ஒரு சதுர மைலில் ஒரு மனிதன் பிறந்து சாவதற்குள் ஒன்றோ இரண்டோ விழுந்தால் அதிர்ஷ்டம். அதனால் வருங்காலத்தில் ஒரு தாலுகா அளவுக்கு நிலம் பிடித்து, ஆயிரக்கணக்கில் தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது பெரியவரின் கனவு.

தொட்டி எதற்கு என்றால், கும்மிருட்டான தண்ணீரில் துகள் பாயும்போது மெல்லிய நீல வெளிச்சம் ஒன்று மின்னி மறையும். மூடியில் பொருத்திய கண்ணாடிக் குமிழ் அதைப் பார்த்துக் கம்பி வழியே சொல்லிவிடும். அந்தத் துகள் மழை நேர் மேலிருந்து விழாமல் அடிவானத்தை ஒட்டிப் படுத்தபடி வந்தால், அது நியூட்ரினோ என்ற, எதையும் துளைத்துச் செல்லும் துகள் தந்த மழையாகக்கூட இருக்கலாம். மற்ற துகள்களுக்கு அவ்வளவு காற்றைத் துளைத்து வரத் தெம்பு இருக்காது. கெடாவிலிருந்து பார்த்தால் வடவானமும் தென்வானமும் பெரும்பாலும் தெரியும். கித்தாத் தோட்டங்களோ சாலையும் காவலுமாக மைல் கணக்கில் கிடக்கின்றன. ரப்பரை அங்கே கித்தா என்பார்கள். நான்கு தொட்டி வைத்துப் பார்ப்பது. பாசி பிடிக்குமா, வெயில் தாங்குமா, எலி கம்பியைக் கடிக்குமா, போதுமான தண்ணீர் கிடைக்குமா என்று நான்கு கேள்விக்குப் பதில் கொண்டுபோக வேண்டும். கடைசிக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரில் கழிந்தது. அரசாங்க அலுவலகத்தில் ஒரு முத்திரைக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். முத்திரை போடுகிறவர் பசியாறப் போயிருந்தார். காலைச் சாப்பாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எவ்வளவு அழகான சொல்! நானும் பசியாறினேன். ரொட்டி சானாய் என்று ஒன்று, நம் பரோட்டாவின் தம்பி. அதைவிட மெலிந்தவன், அதைவிட நல்லவன். டீயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு முழ நீளம் ஆற்றிக் கொடுத்தார்கள். சீனியை மட்டும் அளக்க மறந்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் பக்கத்திலிருந்த மெர்கோங்கில் ஒரு சீனர் பட்டறையில் தொட்டிகள் தயாராக இருந்தன. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான எஃகுத் தொட்டிகள். பட்டறைக்காரர் ஒன்றைத் தட்டிக் காட்டி, மலாயில் ஏதோ கேட்டார். லாரி ஓட்டுநர் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார்: "இதுல மீன் வளர்ப்பீங்களான்னு கேக்குறாரு." நான் இல்லை, நட்சத்திரத் துகள் பிடிக்கப்போகிறோம் என்றேன். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. மீன் என்றே சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

வழியில் ஒரு வளைவில் கயிறு அறுந்து, தொட்டி ஒன்று உருண்டு அறுவடை முடிந்த வயலில் போய் நின்றது. நல்லவேளை, வயலில் ஈரம் இல்லை. மண் வெடித்து, பாளம் பாளமாக இருந்தது. நான்கு மலாய்க்காரர்கள் எங்கிருந்தோ வந்து தூக்கிக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் போனார்கள். வெடித்த வயலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் வெடித்திருக்கிறது என்று யோசிக்கவில்லை.

எஸ்டேட், பாடாங் மேஹா கடைத்தெருவைத் தாண்டி உள்ளே இருந்தது. கிராணி சூசை எங்களை எதிர்கொண்டார். கிராணி என்றால் எஸ்டேட் ஆபீஸின் கணக்கர். ஐம்பது வயது, சட்டைப்பையில் ஜெபமாலை, வாயில் ஓயாத பேச்சு. மேனேஜர் ஒரு மலாய்க்காரர், அளந்து பேசுகிறவர். ஆனாலும் தொழிலாளர்கள் அவரைப் பழைய பழக்கத்தில் துரை என்றார்கள். "சார் என்ன கேட்டாலும் குடுத்துருங்கன்னு துரை சொல்லிட்டாரு. நீங்க கேளுங்க லா, நான் இருக்கேன்" என்றார் சூசை. பேச்சுக்கு வால்போல ஒரு 'லா' போடுவது அந்த ஊர் வழக்கம். அவர் வீட்டிலேயே எனக்கு அறை. அவர் மனைவி மேரி அக்கா, ஊரிலிருந்து வந்தவன் என்று எனக்கு ஒவ்வொரு வேளையும் வாழை இலையில் சாப்பாடு போட்டார். நெத்திலி சம்பல், மரவள்ளிக் கிழங்கு, கெட்டிப் பருப்பு. ரசம் மட்டும் ஒரு நாளும் இல்லை. இந்தப் பக்கத்துத் தமிழர்கள் ரசத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று வீட்டுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

மூன்றாம் நாள் மாலை, லயத்து மக்களைக் கோயில் முன்னால் கூட்டி என் வேலையை விளக்கச் சொன்னார் சூசை. லயம் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்; அந்த வரிசையில் நாற்பது வீடு. சுண்ணாம்பால் தரையில் படம் போட்டு அரை மணி நேரம் பேசினேன். ஒருவர் எழுந்து, "அந்தத் தூசி ஒடம்புல பட்டா ஏதும் பண்ணுமா?" என்றார். பண்ணாது என்றேன். "அப்ப அத ஏன் தம்பி புடிக்கிறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் உயரத்திலிருந்து.

பிறகு தண்ணீர் கேட்டேன். தெளிவான தண்ணீர், நான்கு தொட்டி நிறைய. சூசை ஒரு கணம் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "அதுக்கென்னா சார், குடுத்துரலாம்" என்றார்.

மேட்டிலிருந்த பெரிய தொட்டியிலிருந்து நீளக் குழாய் போட்டு நிரப்பினார்கள். இரண்டு நாள் ஆனது. நான் விளக்கை அடித்துப் பார்த்தேன். லேசான செம்மண் கலங்கல். இதில் நீல ஒளி எங்கே தெரியும்? அடிமடையைத் திறந்து நான்கு தொட்டியையும் தரையில் கொட்டினேன். வேலை முடிந்து திரும்பிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தோளில் காண்டா வாளியோடு நின்று பார்த்தார்கள். காண்டா என்பது இரு முனையிலும் வாளி தொங்கும் கழி. கித்தாப் பால் சுமப்பது. அந்தத் தண்ணீர் கித்தா வேர்களுக்கிடையில் ஓடி மண்ணுக்குள் போகும்வரை அவர்கள் அசையவில்லை. விஞ்ஞானத்தை வாய்பிளந்து பார்க்கிறார்கள் என்று நினைத்து, அவர்களைப் பார்த்துக் கையசைத்தேன். ஒருத்தி பதிலுக்குக் கையசைத்தாள். அவள் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுபடி நிரப்பச் சொன்னேன். இந்த முறை துணியில் வடிகட்டி நிரப்பினார்கள். படிகம்போல இருந்தது. மூடிகளைப் போட்டேன், கருவிகளை ஓடவிட்டேன். முதல் வார அறிக்கையைத் தட்டச்சு செய்து விமானத் தபாலில் அனுப்பினேன். "தண்ணீர்" என்ற பத்தியில் ஒரே சொல்: தாராளம்.

அந்த நாட்களில் என்னைப்போல் சுகவாசி உலகத்தில் இல்லை. காலையும் மாலையும் இரண்டு வேளைக் குளியல். வெயில் அப்படி. அணில் ஒன்று கம்பியைக் கடித்தது, மாற்றினேன். மூன்று தொட்டிகள் ஒன்றாகத் துடித்த கோடுகள் நாலைந்து காகிதத்தில் விழுந்தன. எல்லாம் சின்னச் சக்திதான், ஆனாலும் கருவி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பத்தாம் நாள் காலை ஏழரைக்குக் கருவிகள் இருந்த கொட்டகைக்குப் போனேன். இரண்டாம் தொட்டியின் முள் எகிறி, காகித விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு மனித ஆயுளுக்கு ஒன்று என்றேனே, அது விழுந்துவிட்டதா? பத்து நிமிடம் நான் உலகப் புகழ் பெற்றிருந்தேன். பிறகு தொட்டியண்டை ஓடிப் பார்த்தால், மூடி விலகிக் கிடந்தது. உள்ளே வெயில். மின்சாரம் ஓடும்போது அந்தக் குமிழின்மேல் பகல் வெளிச்சம் பட்டால் அவ்வளவுதான், கண் அவிந்துவிடும். அவிந்துவிட்டது. தண்ணீர் இரண்டு வாளி குறைந்திருந்தது. மண்ணில் ஈரச் சொட்டுகள் லயத்தை நோக்கிப் போயின.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நட்சத்திரத் துகள் விழுகிற தண்ணீர் என்று சொன்னதும் தீர்த்தம் என்று நினைத்துவிட்டார்கள், மூட ஜனங்கள் என்று முடிவு கட்டினேன். நேரே மேனேஜரிடம் போனேன். "அறியாமையால் நடந்த திருட்டு" என்று ஆங்கிலத்தில் எழுதியே கொடுத்தேன். அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சொட்டுகள் போய் நின்ற வீடு அஞ்சலையுடையது. மறைக்காமல் ஒப்புக்கொண்டாளாம்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. சூசை பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அஞ்சலை வாளியோடு வரிசையில் நின்றாள். அவள் பெயர் வரவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். எல்லோரும் கித்தாக் காட்டுக்குள் போன பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"இப்படி எத்தனை நாள்?" என்று சூசையிடம் கேட்டேன்.

"மூணு நாளு பேரு கூப்பிட மாட்டோம். அப்புறம் துரை கையெழுத்துப் போட்டா வேல போயிரும். வேல போனா வீடும் போச்சி லா. லயத்து வீடு எஸ்டேட்டோடதுதான சார்."

இரண்டு வாளித் தண்ணீருக்கு இது அதிகம் என்று தோன்றியது. போய் அவளுக்குப் புத்தி சொல்லி, ஒரு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, பெருந்தன்மையோடு மேனேஜரிடம் பேசலாம் என்று புறப்பட்டேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அஞ்சலைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பச்சைக் குழந்தை அழும் சத்தம். நான் நின்றபடியே ஆரம்பித்தேன்: "அம்மா, அது தீர்த்தம் கிடையாது. வெறும் தண்ணீர். அதில் ஒரு சக்தியும் இல்லை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தீர்த்தமா? யாரு சொன்னா?"

"பிறகு எதற்கு எடுத்தீர்கள்?"

"மவ புள்ள பெத்து மூணு நாளு ஆவுது தம்பி. தலைக்கு ஊத்தணும். பைப்புல தண்ணி வந்து ஆறு நாளாச்சி. ஆத்துல ஊத்து தோண்டி எடுக்கிறது குடிக்கத்தான் பத்துது. அது எங்க தொட்டித் தண்ணிதானே லா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் எழுந்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். மேட்டுத் தொட்டியிலிருந்து நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அதன் முன்னால் வாளிகளும் தகர டின்களும் வளைந்து வளைந்து வரிசை போட்டிருந்தன. பாத்திரம் இல்லாதவர்கள் இடத்துக்கு ஆளுக்கொரு கல் வைத்திருந்தார்கள். எல்லாம் காய்ந்து கிடந்தன. ஒரு வாளிக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது.

அந்தக் கற்களை எனக்குத் தெரியும். தங்கவயலில் நான் பிறந்தது சுரங்கத் தொழிலாளர் லயத்தில். என் அம்மா குழாயடியில் வைக்கும் கல்லில் நீலச் சாயம் அடித்திருப்பாள். அந்தக் கல்லைக் காவல் காத்துத்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். அப்படிப்பட்டவன் இங்கே வந்து ஒரு வரிசையின் தண்ணீரை முழுசாக வாங்கி, கலங்கலாக இருக்கிறது என்று கீழே கொட்டி, அவர்களைப் பார்த்துக் கையும் அசைத்திருக்கிறேன்.

"தண்ணீர் இல்லை என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"நல்லா கேட்டீங்க. ஊருலேர்ந்து வந்த புள்ள, தண்ணின்னு வாயத் தொறந்து கேக்குது. இல்லன்னு எப்புடி சொல்றது? எங்க வீட்டுல தண்ணிய மட்டும் யாருக்கும் இல்லன்னு சொன்னதில்ல."

"பிறகாவது என்னிடம் கேட்டிருக்கலாம். நானே தந்திருப்பேன்."

"குடுத்ததத் திருப்பிக் கேக்குறதா? அது நல்லாவா இருக்கும்?" என்றாள். "ரெண்டு வாளிதானே, தெரியாம எடுத்துருவோம்னு பாத்தேன். மூடி போடத்தான் கை எட்டல. அதுக்குள்ள பெரட்டு மணி அடிச்சிருச்சி."

சூசை வீட்டுக்குத் திரும்பினேன். மேரி அக்கா அரிசி கழுவிய தண்ணீரை ஒரு பானையில் வடித்துக்கொண்டிருந்தார். அதில்தான் பாத்திரம் கழுவுவார்களாம். எனக்கு வேளாவேளைக்கு இலை போட்டது, தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாததால். ரசம் வைக்காததும் அதனால்தான். என் இரண்டு வேளைக் குளியலுக்கு அவர் மகன் மோட்டார் சைக்கிளில் பாடாங் மேஹா கடைத்தெருவிலிருந்து டின் டின்னாகக் கொண்டுவந்திருக்கிறான். "ஏன் அக்கா சொல்லவில்லை?" என்றேன். "நீங்க விருந்தாளி சார்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றே மேனேஜரிடம் போனேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

"அப்படியானால் மூடியைத் திறந்தது யார்? நான் ஏதாவது எழுத வேண்டுமே" என்றார் ஆங்கிலத்தில்.

"நான் பூட்டுப் போடாமல் விட்டேன். என் தவறு என்று எழுதுங்கள்."

அது பொய்யும் இல்லை. தொட்டிக்கென்று கொடுத்தனுப்பிய நான்கு பூட்டும் என் பெட்டிக்குள்தான் தூங்கின. அவர் என் பழைய காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். தண்ணீர் விஷயத்தை நான் எடுக்கவில்லை. எடுத்தால் சூசையைக் கேள்வி கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எடுத்தால் தொட்டித் திட்டமே போய்விடும் என்று பயந்தேன். குமிழ் கெட்டதற்குப் பெரியவர் என்னைக் கடிந்துகொள்வார், அதையும் பூட்டுக் கதையோடு தாங்கிக்கொள்ளலாம். திட்டத்தைக் கெடுத்தவன் என்ற பெயரை என்னால் தாங்க முடியாது.

மறுநாள் பெரட்டில் "அஞ்சலை" என்று சூசை கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டார். அவள் "இருக்கேன்" என்றாள்.

வேலை முடிந்து அவர்கள் திரும்பும் நேரம் பார்த்து, சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போதே, நான்கு தொட்டியின் மடையையும் திறக்கப்போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கருவிகளை அணைத்தேன். வாளிகள் வந்தன, டின்கள் வந்தன, கல் வைத்தவர்கள் கல்லோடு வந்தார்கள். வரிசை தானாக நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் வாளியைப் பிடித்தது அஞ்சலை. பிடித்ததும் ஒரு குவளை மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க தம்பி. வெயில்ல நிக்கிறீங்க."

வாங்கிக் குடித்தேன். தண்ணீர் நன்றாக, குளிர்ச்சியாக இருந்தது. அதை இருட்டில் மூடி வைத்திருந்தவன் நான்தானே.

பாசி பிடித்ததால் சோதனையை முன்கூட்டியே முடித்தேன் என்று இறுதி அறிக்கையில் எழுதினேன். "தண்ணீர்" பத்தியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பிய வாரம் ஆய்வகத்தில் கூட்டம். பெரியவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு என் அறிக்கையைப் படித்தார். "தண்ணீர், தாராளம்! இதைவிட என்ன வேண்டும்? ஆயிரம் தொட்டிக்குத் திட்டம் போட்டு அனுப்பலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆயிரம் தொட்டி என்றதும் எனக்கு அந்தச் சிலந்தி வலை ஞாபகம் வந்தது. யாரோ முதுகில் தட்டிக் கொடுத்தார்கள், சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் குழாயடியில் அம்மா நீலக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நான் வந்ததிலிருந்து மலேசியாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைய கேள்வி இது.

"ஏன்டா, அந்த ஊர்ல தண்ணிக்கு எப்படி? கஷ்டமா?"

"கேட்டதும் கொடுத்தார்கள் அம்மா. நான்கு தொட்டி. இரண்டு தடவை."

"அம்மாடி! அவ்ளோ தண்ணியா?" என்றாள். பிறகு சற்று யோசித்து, "அவங்களுக்கு வெச்சிக்கிட்டாங்களான்னு கேட்டியா?" என்றாள்.

படித்தவன் நான். கேட்க வேண்டிய ஒரே கேள்வி மூன்று வாரமும் என் வாயில் வரவில்லை. அவளுக்கு அது அரை நிமிடத்தில் வந்துவிட்டது. குடத்தை வாங்கிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வரிசையில் நான் நின்றேன்.

மறுநாள் காலை திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனேன். தண்ணீர்: நாற்பது வீட்டுக்குக் குடிக்க இருந்ததை நாம் எடுத்தோம், மழை இல்லாத மாதங்களில் ஒரு தொட்டிக்குக்கூடப் போதாது. அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இது உனக்கு எப்போது தெரியும்?" என்றார்.

"அங்கேயே தெரியும் ஐயா" என்றேன்.